சட்டைக் கையில் தைத்த வளையம்

லோகேஸ்வரிக்குத் தண்ணீர் ஆகாது. சரியாகச் சொன்னால், தன் மகளுக்குத் தண்ணீர் ஆகாது என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். வாணி பிறந்த கையோடு கிள்ளானில் ஒரு ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார். "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம் இருக்கு, பாத்துக்குங்க" என்றார். தட்சணையை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அது ஒரு வாய்வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு இவள் பதினாறு வருஷம் அந்தப் பெண்ணைப் படுத்தி எடுத்துவிட்டாள். போர்ட் டிக்சன் கடற்கரைக்குக் குடும்பமே போய் ஆட்டம் போடும்போது, வாணி மட்டும் பாயில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பாள். பள்ளியில் நீச்சல் என்றால் சளி என்று சீட்டுப் போகும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனாலும் ஆற்றுப் பக்கம் திரும்பக்கூடாது, குழாயடியில்தான் குளியல்.

இப்பேர்ப்பட்ட தாய்தான் அந்தப் பெண்ணின் சட்டைக் கையில் மீட்பர் சின்னத்தைத் தன் கையாலேயே ஊசி நூல் கோத்துத் தைத்தாள். கேட்டால் சிரிப்பு வரும். சிரிக்கிற விஷயம் இல்லை.

வாணி பள்ளியில் சாரணர். அவள் படித்த இடைநிலைப்பள்ளியில் எல்லாரும் அதைப் பெங்காகாப் என்றுதான் சொல்வார்கள். அதில் உச்சியில் இருப்பது பெங்காகாப் ராஜா என்கிற விருது. அது கிடைத்துவிட்டால் படிப்புக்கு வெளியே தருகிற புறப்பாட மதிப்பெண் எகிறும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்க வழி பிறக்கும். நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை 'ஏ' வாங்கினாலும் இடத்துக்கு அலையவேண்டியிருக்கிற நாட்டில் எந்தத் தாய்தான் அதை விடுவாள்? லோகேஸ்வரி ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. புருஷன் சுகுமாறன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த வீட்டின் கனவு முழுக்க வாணிதான்.

விருதுக்கு வேண்டிய திறன் சின்னங்களை எல்லாம் வாணி ஒழுங்காகத்தான் வாங்கினாள். முதலுதவி, சமையல், முடிச்சுப் போடுவது என்று வரிசையாகத் தேர்ச்சி பெற்றாள். மிச்சம் இருந்தது மீட்பர் சின்னம் மட்டும். உடுத்திய துணியோடு நீந்திப்போய் ஓர் ஆளைக் கரைக்கு இழுத்து வந்து காட்டவேண்டும். அந்தச் சின்னத்தில் படம் ஒரு சிவப்பு வெள்ளை வளையம், கப்பலில் தொங்குமே, அந்த உயிர்காப்பு வளையம். அந்தச் சமயம் பார்த்து நீச்சல்குளம் பழுதுபார்ப்பில் இருந்தது. சாரணர் பொறுப்பாசிரியர் ராதாகிருஷ்ணன் சார் நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். "வீடியோ எடுத்து அனுப்புங்க, போதும்" என்றுவிட்டார்.

லோகேஸ்வரியின் தங்கைக்கு ரூபிணி என்று ஒரு மகள். வாணியின் வயது, வாணியின் உடம்புவாகு, தண்ணீரில் விட்டால் மீன்தான். ரூபிணியின் தலையில் நீச்சல் தொப்பியும் கண்ணில் கண்ணாடியும் மாட்டி, கொண்டோ அடுக்குமாடிக் குளத்தில் இறக்கி, தூரத்திலிருந்து படம் பிடித்தாள் லோகேஸ்வரி.

"அம்மா, இது நான் இல்லையே" என்றாள் வாணி.

"யாருடி கேக்கப் போறா? எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க லா. மார்க் வந்ததும் சட்டையவே தூக்கிப் போட்டுடப் போற."

"என்னை யாராச்சும் தண்ணியில எறங்கச் சொன்னா?"

"நீ எதுக்குத் தண்ணி பக்கம் போற?"

சின்னம் வந்தது, தாய் தைத்தாள்.

வினை அடுத்த மாதமே வந்தது. உலு லங்காட்டில் ஆற்றோரம் முகாம், விருதுக்குக் கட்டாயம் போயாகவேண்டும். லோகேஸ்வரி என்ன செய்வாள்? சாரிடம் போய் "என் மகளை ஆத்துல எறக்காதீங்க" என்று சொல்லலாம்தான். உயிர்காப்பு வளையத்தைக் கையில் தைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை ஏன் இறக்கக்கூடாது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? வாயைத் திறந்தால் வீடியோ வெளியே வரும். ஆகவே வாயை மூடிக்கொண்டு, கோயிலில் மகள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் பஸ் ஏற்ற நின்றாள்.

பக்கத்தில் மலர் நின்றாள். மலருடைய மகள் கவிநயா முதலாம் படிவம், பதிமூன்று வயது, அந்த வருஷம்தான் சாரணரில் சேர்ந்தவள். எலும்பும் தோலுமாக, சீருடை தொளதொளவென்று, சிரித்துக்கொண்டே இருக்கிற குட்டி. மலர் வாணியின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பேட்ஜ் தண்ணியில ஆளைக் காப்பாத்துறவங்களுக்குத்தானே? சார் சொன்னாரு. எனக்கு மனசே இல்ல அக்கா, உங்க மக கூட இருக்கான்னுதான் இவளை அனுப்புறேன். வாணி, பாத்துக்கம்மா."

வாணி தாயைப் பார்த்தாள். தாய் மலரைப் பார்த்து, "பயப்படாதீங்க லா, அதெல்லாம் பாத்துக்குவா" என்றாள். பாவி, அதையும் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பஸ் போனது. லோகேஸ்வரிக்கு அன்று வேறொரு வேலை இருந்தது. பள்ளியின் ஆண்டு விழாவில் சாரணர் சின்னங்களின் வரலாறு என்று ஒரு கண்காட்சி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவளும் ஓர் ஆள் என்பதால், பழைய சின்னங்களை இரவல் வாங்கி வரும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. கொடுப்பவன் கிருஷாந்த் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கணினி வேலை, நாற்பது வயதாகியும் கல்யாணம் இல்லை. சம்பளத்தை எல்லாம் பழைய சாரணர் சின்னங்களில் கொட்டுகிற பைத்தியம். அவன் கொண்டோ மோனோரயில் சத்தம் கேட்கிற உயரத்தில் இருந்தது. வீட்டில் உட்கார ஒரு நாற்காலிதான் காலி, மற்றதெல்லாம் சின்னங்கள் கிடந்த தட்டுகள்.

"வாங்கோ அக்கா. தொடாதீங்க, ப்ளீஸ். கை எண்ணெய் பட்டா நூல் கறுத்துப் போகும்" என்றுதான் வரவேற்றான்.

லோகேஸ்வரிக்கு வாங்கிக்கொண்டு ஓடினால் போதும் என்று இருந்தது. அவன் விடுகிற ஆளா? பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். தேனீ வளர்ப்பவனுக்கு ஒரு சின்னம், குதிரை ஓட்டுபவனுக்கு ஒன்று, தீயணைப்பவனுக்கு ஒன்று. அத்தனையும் நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் தொடங்கியவை, கப்பலேறி மலாயாவுக்கும் வந்தவை.

"இதுதான் எனக்கு உயிர்" என்று ஒரு சைக்கிள் சக்கரம் போட்ட சின்னத்தைக் காட்டினான். "இதை வாங்கணும்னா சொந்தமா சைக்கிள் இருக்கணும். அவசரம்னு கூப்பிட்டா சைக்கிளோட வந்து நிப்பேன்னு கையெழுத்துப் போடணும். சைக்கிளை வித்தா?"

"வித்தா என்ன?"

"பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கணும்! எப்படி சட்டம், பாத்தீங்களா? அந்தக் காலத்துல இது பரிசு இல்ல அக்கா. இது போர்டு. கிளினிக் வாசல்ல டாக்டர்னு போர்டு போடுறாங்களே, அது டாக்டருக்கா? வயித்துவலியோட ரோட்டுல போறவனுக்குத்தானே. முதலுதவி, மீட்பு இதெல்லாம் பொதுச்சேவை பேட்ஜ். ராஜா சாரணன்னு சொல்லிக்கணும்னா வருஷா வருஷம் மறுபடியும் டெஸ்ட் கொடுக்கணும். முடியலையா, ராஜாவும் இல்ல ஒண்ணும் இல்ல."

"இப்பல்லாம் அப்படி இல்ல" என்றாள் லோகேஸ்வரி.

"இப்ப மார்க்குக்குத்தான் லா. கடையிலயே காசு கொடுத்தா கிடைக்குது. ஆனா காட்டுல, ஆத்துல இன்னும் அந்தப் பழைய சட்டம்தான் ஓடுது. நானும் முகாமுக்கு உதவிக்குப் போறவன்தானே. ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி பொறுப்பாளர் முதல்ல என்ன பாப்பார் தெரியுமோ? மூஞ்சியைப் பாக்க மாட்டார். சட்டைக் கையைத்தான் பாப்பார். வளையம் இருக்கிறவங்களை நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்துவார். யாராவது அடிச்சிட்டுப் போனா அவங்கதான் பிடிக்கணும்."

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி ஒளிர்ந்தது. திரையில் சீருடையோடு வாணி. கிருஷாந்த் எட்டிப் பார்த்தான், பைத்தியம் அல்லவா, அவன் கண்ணுக்குப் பெண் தெரியவில்லை, கைதான் தெரிந்தது.

"அக்கா! உங்க மக மீட்பரா? டெரர் லா!"

நம் ஊரில் கெட்டிக்காரப் பிள்ளையை அப்படித்தான் மெச்சுவார்கள். எத்தனையோ தடவை காதில் விழுந்த வார்த்தைதான். இன்றைக்கு அதன் சொந்த அர்த்தத்தோடு வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தது.

ஒளிர்ந்தது பெற்றோர் குழுவுக்கு வந்த படம். ராதாகிருஷ்ணன் சார் அனுப்பியிருந்தார். ஆற்றின் நடுவில் முழங்கால் அளவு தண்ணீரில், இடுப்பில் கயிறோடு வாணி நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. கீழே சார் எழுதியிருந்தார்: எங்கள் மீட்பர் தயார். அதற்குக் கீழே முதல் ஆளாக மலர் கைகூப்பும் படம் போட்டிருந்தாள்.

பிள்ளைகளின் கைப்பேசியை எல்லாம் சார் வாங்கி வைத்துவிடுவார். லோகேஸ்வரி சாரை அழைத்தாள். லைன் கிடைக்கவில்லை. 'சார், வாணிக்கு' என்று எழுதத் தொடங்கினாள். அந்த இடத்தில் விரல் நின்றது. நீந்தத் தெரியாது என்று எழுதினால் விருது போச்சு, மெட்ரிகுலேஷன் போச்சு, ரூபிணி மாட்டுவாள், தங்கை வீட்டு உறவே போச்சு. தண்ணீரை விட்டு ஏறினால் போதும், அவ்வளவுதானே என்று மனசு ஒரு குறுக்குவழியைக் காட்டியது. 'சார், வாணிக்கு நேத்து காய்ச்சல். தண்ணியில எறக்காதீங்க' என்று முடித்து அனுப்பினாள்.

பதில் வருகிற வரைக்கும் அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். வந்தது. 'ஓகே சிஸ். ஏறச் சொல்லிட்டேன். கரையில நிக்கட்டும், அது போதும். சின்னதுங்களுக்கு ஒரு தைரியம்.'

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். முதல் வரி அவள் வயிற்றில் பால் வார்த்தது. கடைசி வரி கண்ணில் பட்டும் மனசில் ஒட்டவில்லை.

கிருஷாந்த் இரவல் கொடுக்கிற சின்னங்களை அடுக்கிய சட்டகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே சன்னல் பக்கம் பார்த்தான். நகரத்துக்கு மேலே நல்ல வெயில். தூரத்தில் உலு லங்காட் மலைப்பக்கம் மட்டும் வானம் கன்னங்கரேல் என்று கிடந்தது.

"அங்கதானே முகாம்? மேல கொட்டுது போல. கெப்பாலா ஆயர் வராம இருக்கணும்" என்றான்.

கெப்பாலா ஆயர் என்றால் இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையில் பெய்த மழை அத்தனையும் திரண்டு ஒரே அலையாக இறங்கும். கீழே குளிப்பவன் தலைக்கு மேல் வெயில் காயும், ஒரு சொட்டுத் தூறல் இருக்காது. சத்தம் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும்.

"ஆனா உங்க மக இருக்கால்ல, பயமில்ல" என்றான் அந்தப் புண்ணியவான்.

லோகேஸ்வரி சட்டகத்தை மறந்துவிட்டுக் கிளம்பினாள். மைவிக் காரை எடுத்துக்கொண்டு செராஸ் வழியாக ஓட்டினாள், ஓட்டினாள் என்று சொல்வதை விட ஊர்ந்தாள். சனிக்கிழமை நெரிசல். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் சாரை அழைத்தாள், கிடைக்கவில்லை. ஒரு விளக்கில் கைப்பேசியை எடுத்து உண்மையை எழுதினாள். 'சார், வாணிக்கு நீந்தத் தெரியாது. அந்த வீடியோவில் இருப்பது அவள் இல்லை. மேலே மழை, எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றுங்கள்.' எழுதி முடித்து, விரலை அனுப்பும் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் யோசித்தாள்.

வாணி கரையில்தானே இருக்கிறாள்? கொஞ்ச நேரத்தில் நாமே போய்விடப் போகிறோம். காய்ச்சல் என்று சொல்லி அழைத்து வந்துவிடலாம். எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்? பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான். எழுதியதை அழித்துவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

பதினாலாவது மைலான பதினாலாங்கட்டையில் வெயில் சுட்டெரித்தது, ரோட்டோரம் ரம்புத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாங்கட்டை தாண்டியதும் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. ஆட்கள் இறங்கிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். கீழே ஆறு தே தாரிக், ஆற்றிய பால் தேநீர் நிறத்தில் சுழன்று போனது. வேரோடு பிடுங்கிய வாழை ஒன்று உருண்டு போனது. அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சட்டி, ஒரு கூடாரத் துணி.

லோகேஸ்வரி வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். முகாம் வாசலில் பொம்பா லோரி நின்றது, தீயணைப்பு ஆட்கள் கயிற்றோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம் தமிழ் ஆள் ஒருவர், தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரில் வந்தார்.

"அண்ணே, என்ன ஆச்சு?"

"ஒரு பொண்ணு போயிருச்சு சிஸ். பெங்காகாப் பொண்ணு."

கரைக்கு ஓடினாள். "வாணி! வாணி!" என்று கத்தினாள். கூடாரம் இருந்த இடத்தில் பிள்ளைகள் ஈரத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் தனியாக வாணி. முழங்காலுக்கு மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இஸ்திரி மடிப்புக் கூடக் கலையாத சட்டை.

லோகேஸ்வரி ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் முத்தமிட்டாள். உலகத்தில் அந்த நேரத்தில் அவளைப் போலச் சந்தோஷப்பட்டவள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். "என் சாமி, என் சாமி" என்று புலம்பினாள். வாணி கட்டையாக இருந்தாள்.

"அம்மா, கவிநயா" என்றாள் வாணி.

"என்னது?"

"கவிநயா. எறங்கப் பயந்தா. 'வாணி அக்கா கரையில இருக்காங்கல்ல, எறங்கு'ன்னு சார் சொன்னாரு. அவ என்னைப் பாத்துக் கையாட்டிட்டு எறங்கினா. தண்ணி வந்துச்சு. என் முன்னாடிதாம்மா போனா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. சார் அந்தப் பக்கம் மத்தவங்களை இழுத்துக்கிட்டு இருந்தாரு. 'வாணி, குதி, குதி'ன்னு கத்துனாரு. கயித்த எறிஞ்சேன், எட்டல. நான் நின்னேன்."

ராதாகிருஷ்ணன் சார் சேறும் ரத்தமுமாகப் பொம்பா அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். பயந்துபோன மனுஷன், கை தானாக வாணி பக்கம் நீண்டது. பாதுகாப்பு இல்லாமல் இறக்கவில்லை, தகுதி பெற்ற மீட்பர் இருந்தாள், அவள் குதிக்கவில்லை என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பி வாணியைப் பார்த்தார்கள். "படிச்சு வாங்கின பேட்ஜ், பயந்துட்டா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

லோகேஸ்வரி பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மலர் வந்து சேர்ந்தாள். வேலைக்குப் போட்ட சட்டையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். ஆற்றைப் பார்த்தாள். அழவில்லை. நேராக வாணியிடம் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"உன்னை நம்பித்தானேம்மா விட்டேன். ஏம்மா குதிக்கல? எம்புள்ளை கூப்பிட்டாளாமே?"

லோகேஸ்வரி இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"அவளுக்குக் காய்ச்சல் மலர். நேத்துலேருந்து காய்ச்சல். நான் சார்கிட்டச் சொன்னேன், மெசேஜ் இருக்கு, பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள்.

வாணி எழுந்து நின்றாள். தாயின் கையைத் தன் மேலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல ஆன்டி. எனக்கு நீந்தத் தெரியாது. ஒரு நாளும் தெரியாது. டெஸ்ட்ல நீந்துனது நான் இல்ல."

மலருக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு பிடியை விட்டாள்.

மெதுவாகத் திரும்பி லோகேஸ்வரியைப் பார்த்தாள். "காலையில நீங்க பக்கத்துலதானே நின்னீங்க அக்கா?" என்று கேட்டாள்.